மூடிய ஜாடியில் முப்பத்தொரு காய்கள்

ஆய்வகத்தில் அவளைப் பாசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் ஒரு கண்ணாடி ஜாடியில் வளர்த்துவந்த பாசியில் எல்லாமே பெண்செடிகள். அந்த இனத்தின் ஆண்செடியை எவரும் எங்கும் கண்டதில்லை. ஆணின் உயிரணு ஈரத்தில் நீந்தி வந்து சேர்ந்தால்தான் பாசி காய்க்கும். ஜாடியின் மூடியோ மெழுகு வைத்து அடைத்தது. வெள்ளிக்கிழமை அவள் ஓய்வு பெறுகிறாள். அதன்பின் ஜாடியைக் கழுவிவிடுவதாக முடிவாகியிருந்தது.

வியாழன் காலை பச்சை மெத்தையின்மேல் முடிபோன்ற காம்புகள் நின்றன. ஒவ்வொரு நுனியிலும் கடுகளவு காய். எண்ணினாள். முப்பத்தொன்று. மெழுகில் ஒரு கீறல்கூட இல்லை.

பேருந்து ஓட்டும் கணவருக்கு ஃபோன் செய்தாள்.

"என்னங்க, நம்ம பொண்ணு முழுகாம இருக்கா."

"நமக்கு ஏது பொண்ணு?"

"ஜாடில இருக்காளே, அவதான்."

அவர் சிரித்துவிட்டார். "மாப்பிள்ளை யாரு?"

"அதான் தெரியல."

இயக்குநர் வந்து மெழுகை மூன்றுமுறை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கக்கா" என்றார்.

வீட்டில் மூடியைத் திறந்து காய்களுக்குள் இருந்த வித்துத்தூளை ஈரமண்ணில் தூவினாள். அடுத்த மழைக்காலத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பாதிக்குப் பாதி ஆண்செடிகள். கணவரும் குனிந்து பார்த்தார்.

"பையன் அப்பா ஜாடையா?"

அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. "அப்பாவப் பாத்திருந்தாத்தானே சொல்ல முடியும்."