கண்ணோர எரிச்சல்

"கண்ணச் சுத்தி ஏங்க இப்பிடி எரியுது?"

பாயில் எழுந்து உட்கார்ந்ததுமே ஏலவார்குழலி கேட்டாள்.

அவள் கணவன் மூர்த்தி களிம்போடு பக்கத்தில் காத்திருந்தான்.

"வயசாவுதில்ல. நாப்பதத் தாண்டுனா தோலு காஞ்சி போவுமாம். டாக்டர் சொன்னாரு."

"எனக்கா வயசாவுது?"

சிரிக்கப் போனவள், கண்ணோரம் சுரீரென்று இழுக்கவும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு கண்களைச் சுற்றிலும் தோல் சிவந்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. இடது கண்ணுக்குக் கீழே மயிரிழை போல ஒரு வெடிப்பு.

பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, மெல்ல ஒற்றி எடுத்தான். தேய்க்கக் கூடாது. சோப்பு கூடாது. மை கூடாது. ஈரம் காயும் முன்பே களிம்பைத் தடவ வேண்டும், அதுவும் மோதிர விரலால். அந்த விரல்தான் அழுத்தாது என்று டாக்டர் செய்தே காட்டியிருந்தார்.

மாதக்கணக்காக இப்படித்தான் போகிறது. ஆறவில்லை.

படப்பையிலுள்ள தோல் டாக்டரும் களிம்பை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டார். நேற்று குழலியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மூர்த்தியிடம் கேட்டார்.

"இவங்க அழறாங்களா?"

"ஆமா சார்."

"எப்பவாவதா?"

"தெனமும் சார். காலையில."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"கண்ணீர் பட்டுக்கிட்டே இருந்தா எந்த மருந்தும் பிடிக்காதுங்க" என்றார் பிறகு.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. குழலி நிமிர்ந்தாள்.

"ப்ரியா கெளம்பிட்டாளா?"

மூர்த்தியின் விரல் அவள் இமையோரத்தில் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் தினமும் காலையில் இதைத்தான் கேட்கிறாள்.

சுகப்பிரியா அவர்களுடைய ஒரே மகள். வல்லம் வடகாலில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஒரகடம் ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டிப் போனபோது, கன்டெய்னர் லாரி இடித்தது. மகள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். குழலி தலையில் அடியோடு பிழைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்குப் பிறகு வந்த எந்த நாளும் அவள் மனதில் தங்கவில்லை. சொன்னால் புரிந்துகொள்வாள். தூங்கி எழுந்தால் அதுவும் போய்விடும்.

மூர்த்தி ஒவ்வொரு காலையும் சொன்னான். பெற்றவளிடம் மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் அதை முதல்முறையாகக் கேட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் தேய்த்துத் தேய்த்து, மத்தியானம் வரை அழுதாள்.

அவனும் கூடவே அழுதான். மகளுக்காக அழ அவனுக்கு வேறு துணை இல்லை.

"ஏங்க, உங்களத்தான். பாப்பா போயிட்டாளா?"

"போயிட்டா."

தினமும் சொல்கிற அதே சொல்தான். இன்று அதோடு இன்னொன்றையும் சேர்த்தான்.

"ஃபர்ஸ்ட் ஷிப்ட்டாம்."

"சாப்ட்டாளா?"

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை மாதத்தில் பேச்சு இந்த இடம் வரை வந்ததே இல்லை.

"சாப்ட்டா. இட்லி."

"இட்லியா? அதுக்குத் தோச ஊத்திக் குடுத்தாத்தான் எறங்கும். என்ன எழுப்பியிருக்கலாம் இல்ல?"

"நீ நல்லாத் தூங்கிக்கினு இருந்த. அவதான் எழுப்ப வேணாம்னா."

"அது அப்பிடித்தான். நாம கஷ்டப்படக் கூடாதுன்னு பாக்கும்."

குழலியின் முகத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது. அந்த முகத்தை மூர்த்தி பார்த்து நெடுநாளாகியிருந்தது.

இன்னொரு கண்ணுக்கும் களிம்பைத் தடவினான். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நெஞ்சு வரை வந்தது. விழுங்கினான்.

ராத்திரி கேட்டால் ஓ.டி. என்று சொல்லிக்கொள்ளலாம். அவன் செகண்ட் ஷிப்ட் போகிற நேரத்தில் துணைக்கு வருகிற பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவிடமும் அப்படியே சொல்லும்படி அதிகாலையிலேயே கேட்டுக்கொண்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

குழலி எழுந்து பாயைச் சுருட்டினாள். சுருட்டியபடியே தலைமாட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"இந்த ஆணியில இன்னா மாட்டியிருந்துச்சி?"

மகளின் படம். வாயால் சொன்னதைக் குழலி ஒரு நாளும் நம்பியதில்லை. மாலை போட்ட அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் நம்புவாள். விடியும் முன்பே மூர்த்தி அதைக் கழற்றி, துண்டில் சுற்றி, கோவிந்தம்மா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தான். அதைத் தூக்கிக்கொண்டு சொந்த வாசலைத் தாண்டக் கால் வரவில்லை.

"காலண்டர்" என்றான்.

"புதுசு ஒண்ணு வாங்கியாந்து மாட்டுங்க. சொவரு மொட்டையா கீது."

"சரி."

மூர்த்தி பின்பக்கம் குளியலறைக்குப் போனான். கதவைத் தாழிட்டு, குழாயை முழுதாகத் திறந்துவிட்டான்.