அண்ணாச்சிக்கு டாஸ்

சங்கரன்கோவிலில் நூல் கடை வைத்திருக்கும் உச்சிமாகாளி அண்ணாச்சி, சர்க்கரையைக் குறைக்க ஷட்டில் ஆட ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. பேட்டைக் கைகுலுக்குவதுபோலப் பிடிப்பதும், சர்வீஸை இடுப்புக்குக் கீழிருந்து போடுவதும் படித்தாயிற்று. காக் என்கிற இறகுப்பந்துதான் பேட்டில் பட மறுத்தது.

"இன்னைக்கும் காத்தைத்தான் அடிச்சியளா?" என்று மனைவி பிரேமலதா தினமும் கேட்பாள்.

ஞாயிறு காலை பந்தயம். தோற்கிற கட்சி மட்டன் பிரியாணி வாங்கித்தர வேண்டும்.

"அண்ணாச்சி விஷயத்துல விட்டுக்கொடுக்க மாட்டேன்வே" என்றான் ஒரு கட்சியின் தலைவன் செல்வக்குமார்.

"நான் மட்டும் விட்டுருவேனா? டாஸ் போடு" என்றான் எதிர்க்கட்சி மகாராஜன்.

உச்சிமாகாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, எனக்காவ ரெண்டு கட்சியும் அடிச்சிக்கிடுதானுவ. டாஸே போடுதானுவன்னா பாத்துக்கோ!"

நாணயம் விழுந்தது.

"தலை விழுந்துட்டு! நான் ஜெயிச்சாச்சு!" என்று செல்வக்குமார் குதித்தான்.

உச்சிமாகாளி பேட்டைச் சுழற்றியபடி கம்பீரமாக அவன் பக்கம் போய் நின்றார்.

"அண்ணாச்சி, இங்கன எங்க வாறிய? டாஸ் ஜெயிச்சது நான்லா! நீங்க மகாராஜன் பக்கம் போங்க."

அணைக்க மறந்த போனில் பிரேமலதா கேட்டாள்: "அப்பம் பிரியாணி நம்ம செலவுதானா?"