பன்னிரண்டு நிமிஷம்

"எல்லாம் வந்துடுமா அண்ணே? பழசுல இருக்கிறது ஒண்ணு விடாம?"

டெஸ்பாட்ச் அக்கா இதோடு நாலாவது தடவை கேட்டுவிட்டாள்.

"ஐயோ, வரும்மா! ஹார்ட் டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்து இந்தக் கம்ப்யூட்டர்ல போடுறேன். ஓ.எஸ்., புரோகிராம், நீங்க வச்சிருக்கிற ரோஜாப்பூ படம் வரைக்கும் வரும். ஆளு அதேதான், வீடுதான் வேற" என்றார் மெக்கானிக்.

வாசல் பக்கத்து மேஜையில் இருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான் பார்சல் கம்பெனி மொத்தமும் காலையில் வந்து வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும். ரெண்டு நாளாக அது கடகடவென்று சத்தம் போட்டது. விரல் வைக்கிற புரோகிராமோ புது ஓ.எஸ்.ஸில் ஓடாது. அதைச் செய்து கொடுத்தவர்கள் கடையைக் கட்டி வருஷக்கணக்காகிறது. அதனால்தான் பழைய ஓ.எஸ்.ஸை மூட்டை முடிச்சோடு வேறு கம்ப்யூட்டருக்குக் குடி மாற்றுகிற இந்த வேலை.

அக்காவுக்கோ அந்த மிஷினில் ஒன்றுகூட மாறக் கூடாது. காரணத்தை வெளியே சொல்ல முடியாது.

அந்தப் பழைய கம்ப்யூட்டரின் கடிகாரம் பன்னிரண்டு நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

மூணு வருஷமாக அவள் பிழைப்பே அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில்தான் ஓடியது. மகனுக்கு நடக்க வராது. தூக்கிக்கொண்டு போய்த்தான் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். அங்கே கேட் திறப்பதே எட்டரைக்கு. பஸ் பிடித்து விழுந்தடித்து ஓடி வந்தாலும் ஒன்பது பத்து ஆகிவிடும். கம்ப்யூட்டர் பாவம், எட்டு ஐம்பத்தெட்டு என்று எழுதிக்கொள்ளும். மற்றவர்கள் எட்டே முக்காலுக்கே வந்து விரலை வைத்துவிட்டு டீக்கு ஓடுகிறவர்கள். மணியை யார் பார்த்தார்கள்?

மேனேஜருக்கு ஆபீஸில் 'நொடிமுள்' என்று பெயர். மாதத்தில் மூணு நாள் ஒன்பது மணியைத் தாண்டினால் சீட்டைக் கிழித்துவிடுவார். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில், "சார், காலையில ஒரு பத்து நிமிஷம்..." என்று கேட்டுப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னாலும் வள்ளென்று விழுந்தார்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். நான் ஆளைப் பார்க்க மாட்டேன். மிஷின் என்ன சொல்லுதோ அதுதான்!"

கல்நெஞ்சுக்காரர்! அவரைவிட இந்தக் கிழட்டு மிஷின் எவ்வளவோ தேவலை என்று அவள் நினைக்காத நாள் இல்லை.

புதுக் கம்ப்யூட்டர் உறுமியது. நீலத் திரை வந்தது. அணைந்தது. மறுபடியும் நீலத் திரை.

"போச்சா அண்ணே?"

"இருங்கம்மா. உடம்பு மாறினா சும்மா இருக்குமா? முரண்டு பிடிக்குது."

ஒரு பென் டிரைவைச் செருகி, என்னென்னவோ தட்டி, அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். மூணாவது தடவை ரோஜாப்பூ வந்தது. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. விரலை வைத்துப் பார்த்தால் பச்சை விளக்கு. அக்கா மூச்சு விட்டாள்.

பிறகு திரையின் மூலையைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது. தன் செல்போனைப் பார்த்தாள். அதிலும் பதினொன்று நாற்பது.

"அண்ணே, மணி மட்டும் பழையபடி வரலையே?"

"அது டிஸ்க்கோட வராதும்மா. மணி மதர்போர்டுல, பேட்டரியில ஓடுது. பழசுல தப்பா இருந்தது, இதுல சரியா இருக்கு. நல்லதுதானே?"

நல்லதாம்! அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அதே மாதிரி பன்னிரண்டு நிமிஷம் குறைச்சு வச்சிடுங்களேன். பழசுலயும் மூணு வருஷமா அதே பன்னிரண்டுதான், தானா பின்தங்கினதுதான்..."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

"தானா பின்தங்குற கடிகாரம் போகப் போக இன்னும் பின்னாடி போகும்மா. இத்தனை நாளா கரெக்டா பன்னிரண்டுன்னா, யாரோ கை வச்சிருக்காங்க. நீங்களா?"

"என் பிள்ளைமேல சத்தியமா நான் இல்ல!"

"என்ன இங்க சத்தியம், பிரமாணம்?"

பின்னால் நொடிமுள் நின்றார்.

"எல்லாம் அப்படியே வந்துடுச்சா?" என்றார் மெக்கானிக்கிடம்.

"வந்துடுச்சு சார், மணி ஒண்ணைத் தவிர. பழசுல பன்னிரண்டு நிமிஷம் குறைச்சலா இருந்தது. இப்ப சரியாயிடுச்சு."

மேனேஜர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"நீங்க என்னம்மா இங்க வேடிக்கை? பின்னாடி லாரி நிக்குது, போய் லிஸ்ட்டைப் பாருங்க!"

போனாள். தொலைந்தது வேலை என்ற நினைப்பில் லிஸ்ட்டில் ஒரு எழுத்தும் கண்ணில் ஏறவில்லை.

மறுநாள் சோதனைமேல் சோதனை. பள்ளிக்கூடத்து ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தது. ஆபீஸ் வாசலை மிதிக்கும்போது ஒன்பது பதிமூணு. பழைய மிஷினே இருந்தாலும் இன்றைக்கு லேட்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாள்.

பச்சை விளக்கு. அதே எட்டு ஐம்பத்தெட்டு!

உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்! என் வயித்துல பாலை வார்த்தீங்க."

"நான் என்னம்மா பண்ணேன்? நீங்க அந்தப் பக்கம் போனதும் உங்க மேனேஜர் என் காதைத் திருகாத குறைதான். 'மூணு வருஷம் முன்னாடி நான் உக்காந்து குறைச்சு வச்ச மணி, உன்னை யாருய்யா சரி பண்ணச் சொன்னது? அந்தப் பள்ளிக்கூடத்து ரோட்டை நாளைக்குத் தோண்டுறாங்கன்னு லாரி டிரைவர் சொல்றான். பன்னிரண்டு பத்தாது, பதினஞ்சா வை!'ன்னார்."