ஆள் இருந்தால் மட்டும்

பட்டுக்கடை ஒன்றின் ஏஐ உதவியாள் எந்தக் கருவியை எப்போது எடுக்க வேண்டும் என்று விளக்கம் எழுதி, அதன்படி நடக்கிறதா என்று சோதிப்பதுதான் தேவிப்ரியாவின் வேலை. ‘நெசவாளரை அழை’ என்ற கருவிக்கு, ‘தறி ஓடினால் மட்டும்’ என்று எழுதியிருந்தாள். அன்று அமாவாசை, ஆரணியில் யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். உதவியாள் ஒருவரையும் அழைக்கக் கூடாது. அதுவோ, அந்தக் கடைக்கு நெய்துகொண்டிருந்த அவள் மாமனார் ஜெகநாதனை அழைத்தது. அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. வீட்டில் அவள் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்துக்கு அடுத்த அறையில்தான் அவர் தறி இருந்தது.

‘தறி ஓடுகிறது’ என்று காரணம் சொன்னது.

காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலேயே, வெளியே போயிருந்த கணவனைக் கூப்பிட்டாள். “மாமா தறியை யாருக்காச்சும் ஓட்டக் குடுத்திருக்கீங்களா?”

“அந்த ரூம் பூட்டித்தானே கெடக்குது. சாவி என் பையிலதான் இருக்குது. ஏன் பயந்துகினு பேசற?”

விளக்கம்தான் சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ‘தறி ஓடி, அதில் ஆளும் இருந்தால் மட்டும்’ என்று திருத்தி மறுபடி சோதித்தாள்.

இந்த முறை அழைக்கவில்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டவள், கீழே வந்திருந்த காரணத்தைப் படித்தாள்.

‘தறி ஓடுகிறது. ஆள் இல்லை.’

ஹெட்போனைக் கழற்றினாள். அடுத்த அறையின் பூட்டிய கதவுக்கு உள்ளே தறி தடக் தடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.