மீன்கொத்தியின் வால்

வெள்ளவத்தைக் கடற்கரையோரமாக ரயில் போக, மூன்றாம் மாடி யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்குகிறது. காலை வெயில் யதுஷாவின் தோட்பட்டையில் விழுந்திருக்கிறது. அங்கே, அவள் கைக்கு எட்டாத இடத்தில், பச்சை குத்தி ஆறு நாளான மீன்கொத்தி ஒன்று தோலுரித்துக்கொண்டிருக்கிறது. முதல் நாள் அதைக் கண்டதும், "உந்தப் பச்சையை அழிச்சுப்போட்டு வந்து என்னோடை கதை" என்றவர் அப்பா. அன்றிலிருந்து பேச்சில்லை. நேற்றுவரை கிறீம் பூசிவிட்ட அம்மா கலியாண வீடொன்றுக்காக யாழ்ப்பாணம் போய்விட்டதால், இப்போது அவர்தான் பின்னால் ஸ்டூலில் இருக்கிறார். பச்சை குத்தியவர் கொடுத்த பராமரிப்புக் குறிப்புத் தாளை இரண்டு தரம் வாசித்து, சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவிக்கொண்டு. "தேய்க்காதேங்கோ அப்பா, ஒத்தி எடுங்கோ." பச்சையைக் கழுவிய ஈரத்தை ஒற்றும் டிசுத்தாள் பறவையின் கழுத்தில், சிறகில், வாலில் பட்டுப் பட்டு இறங்குகிறது. திடீரென்று நிற்கிறது. டிசுவில் நீலமாய் ஒரு செதில். "ஐயோ பிள்ளை, வால் கழண்டு வருது!" யதுஷா சிரிப்பை அடக்கப் பார்க்கிறாள்; முதுகு குலுங்குகிறது. "அது மேல்தோல் அப்பா. வால் உள்ளுக்கை இருக்கும், வடிவாப் பாருங்கோ." நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவர் குனிகிறார். அவருடைய மூச்சு அவள் தோளில் சுடுகிறது. செதில் விட்ட இடத்தில், புதுத்தோலின் கீழே, நீலம் பளபளக்கிறது. "ஓம்," என்று நீளமாக மூச்சு விடுகிறார். "இருக்கு."