ஒரு அடி பின்னால்

"பன்னிரண்டு வருஷமா ஓடுறீங்களாம், ஒரு மெடல்கூட இல்லையாமே?" என்று புது மானேஜர் கேட்டதும் ஆபீஸே சிரித்தது.

குமாஸ்தாவும் சிரித்துவைத்தார். "எப்பவும் ஒரு அடி பின்னாடிதான் சார் வருவேன்."

"கடைசியில தம் கட்டி முந்த வேண்டியதுதானே?"

"நான் முந்தினா தம்பி ஜெயிச்சது செல்லாது சார்."

மானேஜர் விழித்தார். அப்போது வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு தம்பி உள்ளே வந்தான். அண்ணன் கையோடு தன் கையைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, அவர் குரலை நம்பியே ஓடுகிறவன்.

"அண்ணே, ரூலை மாத்திட்டாங்க! இனிமே கூட ஓடுறவங்களுக்கும் மெடல் உண்டாம். போன வாரம் ஓடினதுக்கு உங்களுக்கும் வந்திருக்கு!"

தடவித் தேடி அண்ணன் கழுத்தில் மாட்டிவிட்டான்.

"ரெண்டையும் கையில வச்சுப் பார்த்துட்டேண்ணே. ஒரே எடைதான்."