அசையாமல் ஐந்து நிமிடம்

காலையில் சைக்கிளில் பதுளைக்குப் போன இரகுநாதன், மாலையில் நடந்து திரும்பி வந்தான். முகத்தில் மட்டும் கல்யாண மாப்பிள்ளைக் களை.

வாசலில் நின்ற மனைவி கமலாதேவி அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, சைக்கிள் எங்கை?"

"இதுக்குள்ளை இருக்கு." காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தோல் பெட்டியை எடுத்து நீட்டினான்.

திறந்து பார்த்தாள். லென்ஸ்.

"சைக்கிளைக் குடுத்திட்டே இதை வாங்கினனீங்கள்? உங்களுக்கென்ன விசரே? ஏற்கெனவே ஒண்டு கிடக்குத்தானே!"

"அது தூரத்திலை இருக்கிறதைக் கிட்டக் கொண்டு வாற லென்ஸ். மரத்தைக் காட்டும், மலையைக் காட்டாது. இது அகலம். முழு மலையும் ஒரே படத்திலை விழும். இருட்டிலையும் வெளிச்சத்தை இழுத்து எடுக்கும்."

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவனுக்குக் கிளாக்கர் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருஷம். பகலில் கந்தோர், இரவில் கமரா. கொழும்புப் பத்திரிகை ஒன்று இரவுக் காட்சிப் படப் போட்டி வைத்திருந்தது. அதில் பரிசு வாங்காவிட்டால் பிறந்ததே வீண் என்ற நிலைமையில் இருந்தான்.

இதுவரை எடுத்த மூன்று படங்களும் மூன்று விதமாகக் கெட்டுப்போயிருந்தன. முதலாவதில் கை நடுங்கி, ஒரு மலை இரண்டாகியிருந்தது. இரண்டாவதில் கமரா திறந்திருந்த நேரத்துக்குள் நிலா நகர்ந்து, வெள்ளரிக்காயாக நீண்டிருந்தது. மூன்றாவதில் வெறும் இருட்டு. "இதுதான் நல்லா வந்திருக்கு" என்று கமலாதேவி அதை மட்டும் பாராட்டினாள்.

லென்ஸ் விற்ற பதுளை ஸ்டூடியோக்காரர் புஹாரிதான் வழி சொல்லி அனுப்பியிருந்தார்.

"கமராவ மூணு கால் ஸ்டாண்டுல பூட்டுங்க. நிலா உங்க முதுகுப் பக்கம் இருக்கட்டும். அஞ்சு நிமிஷம் திறந்து வைங்க. எதிர்ல நாலு விளக்கு எரிஞ்சா படத்துக்கு உசிர் வந்துரும்."

விளக்குக்கு எங்கே போவது? எதிர் மலையில் தோட்டத் தொழிலாளரின் லயம் இருந்தது. இருபது வீடு, ஒரே வரிசை. ஆனால் விடியுமுன் எழும்பி, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போக வேண்டிய சனம் ஏழரைக்கே விளக்கை அணைத்துவிடும்.

மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்களை மறித்தான்.

"வெள்ளிக்கிழமை பூரணை நிலவு. இரவு எட்டு மணிக்கு உங்கடை லயத்தைப் படம் பிடிக்கப் போறன். எல்லா வாசலிலையும் ஒரு விளக்கு எரிய வேணும். நான் விசில் ஊதினதிலை இருந்து திரும்ப ஊதும் வரைக்கும் விளக்கை அசைக்கக் கூடாது. அசைச்சால் படத்திலை கோடு விழும்."

கூடையை இறக்கி வைத்துவிட்டு இராக்கம்மா முன்னால் வந்தாள். அந்த லயத்துக்கே வாய் அவள்தான்.

"அப்ப நாங்களுங்க? எங்க மூஞ்சி விழுமுங்களா?"

அரை மைல் தூரம், அகல லென்ஸ், இரவு நேரம். கடுகளவுகூட விழாது என்று இரகுநாதனுக்குத் தெரியும். ஆனால் விழாது என்று சொன்னால் விளக்கு எரியாது.

"விழும், விழும். எல்லாரின்ரை முகமும் விழும்."

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு எதிர் மலை தீபாவளியாக இருந்தது. இருபது வாசலிலும் இருபது விளக்கு. இரகுநாதன் விசில் ஊதினான். கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றான். மறுபடி ஊதினான். பிறகு கமலாதேவியின் கையைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி ஆடினான்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது.

"கல்யாணச் சேலையெல்லாம் எடுத்துக் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னோமுங்க" என்றாள் இராக்கம்மா. "குளிரு கொன்னுச்சு. ஒருத்திகூட அசையல. எங்க மாமியா வந்த தும்மலக்கூட முழுங்கிருச்சு. படம் எப்பங்க வரும்?"

"வரும், வரும்" என்று இரகுநாதன் கொழுந்துக் கணக்குப் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

படம் வந்தது. நிலவில் நனைந்த மலை, அதன் இடுப்பில் வரிசையாக இருபது பொட்டு வெளிச்சம். கொழும்புக்குப் போனது. முதல் பரிசு என்று கடிதமும் வந்தது. பதுளை முழுக்கச் சொல்லித் திரிந்தவன் லயத்துப் பக்கம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இராக்கம்மாவைக் கண்டால் தேயிலைச் செடி மறைவில் குனிந்து, அவிழாத சப்பாத்து நாடாவைக் கட்டினான்.

"பொய் சொன்னது நீங்கள். நீங்கள்தான் போய்க் குடுக்க வேணும்" என்று கமலாதேவி படத்தைக் கையில் திணித்து அனுப்பினாள்.

லயமே கூடிவிட்டது. இராக்கம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். பார்த்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். இரகுநாதன் ஓடுவதற்கு வழி தேடினான்.

"அடி ஆத்தி, எம்புட்டு அழகா விழுந்திருக்கு!" என்றாள் இராக்கம்மா. ஒரு பொட்டின் மேல் விரலை வைத்தாள். "இந்தா, இதுதான் நானு. பக்கத்துல எங்க மாமியா."

"ஐயோ, நான் கண்ண மூடிட்டேனே!" என்றாள் அடுத்த வீட்டுப் பாக்கியலெட்சுமி.

"என் சேலையில சரிகைகூடத் தெரியுதுங்க!" என்றாள் இன்னொருத்தி.

ஆளுக்கொரு பொட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இரகுநாதன் புறப்பட்டான். கால் தரையில் பாவவில்லை. நல்ல காலம், இந்தச் சனத்துக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது! லயத்துக் கோடியில் திரும்பியதும் அடக்க முடியாமல், சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் இராக்கம்மாவின் குரல் கேட்டது.

"பாத்தீங்கல்ல, ஒரு மூஞ்சிகூட விழல. பாவம், அந்த ஐயாவுக்குப் படம் புடிக்கவே தெரியல. வெளியில யாருகிட்டயும் சொல்லி அவரு மானத்த வாங்கிப்புடாதீங்கடி!"